வளரும் மூளைக்கு ஒரு தனி மருத்துவம்

நரம்பு மருத்துவர் மழுங்கிய முனை ஒன்றால் உள்ளங்காலின் வெளியோரமாக, குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி மெல்லக் கோடு இழுக்கிறார். நலமாக இருக்கும் பெரியவருக்குக் கால் பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும். மேல்நோக்கி எழுந்தால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் நரம்புப் பாதையில் எங்கோ கோளாறு என்று பொருள். பாரிஸ் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1896இல் விவரித்த இந்தச் சோதனை இன்றும் உலகெங்கும் அன்றாடம் நடக்கிறது. அதே கோட்டை நான்கு மாதக் குழந்தையின் காலில் இழுத்தாலும் பெருவிரல் மேலே எழக்கூடும். ஆனால் அங்கே நோய் எதுவும் இல்லை. அந்த நரம்புப் பாதை இன்னும் முதிரவில்லை, அவ்வளவுதான். ஒன்றிரண்டு வயதுக்குள் விரல் தானாகக் கீழே மடங்கத் தொடங்கிவிடும்.

நாற்பது வயதில் எச்சரிக்கையாக இருக்கும் ஓர் அறிகுறி, நான்கு மாதத்தில் முழு இயல்பு. குழந்தை நரம்பியல் என்று ஒரு தனித்துறை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதுவே போதுமான விளக்கம். பெரியவர்களைப் பார்க்கும் நரம்பு மருத்துவர் முதலில் கேட்பது, ‘கோளாறு எந்த இடத்தில்?’ என்று. குழந்தைகளைப் பார்ப்பவர் கூடவே ‘எந்த வயதில்?’ என்றும் கேட்டாக வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகுவதற்கு மருத்துவ உலகத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது எப்படி நடந்தது, அதனால் இன்று நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம்.

பிள்ளையின் மூளையில் என்ன வேறுபாடு?

பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் இருக்கும். பெரியவரின் மூளையோடு ஒப்பிட்டால் கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல். இரண்டு வயது முடிவதற்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு வேகமாக வளர்பவை அவற்றுக்கு இடையிலான இணைப்புகளும், நரம்பு இழைகளைச் சுற்றிப் படியும் மயலின் என்ற கொழுப்புறையும்தான். உறை படிந்த பாதையில்தான் செய்தி விரைவாகப் போகும். எந்தப் பாதையில் முதலில் படிகிறது, எதில் பிறகு படிகிறது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கழுத்து நிற்பதும், பிறகு உட்கார்வதும், அதன் பிறகு நடப்பதும் அந்த வரிசையின் வெளித்தோற்றம்.

அமெரிக்கக் குழந்தை நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹூட்டன்லாக்கர், இறந்தவர்களின் மூளைத் திசுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்து நரம்பு இணைப்புகளை எண்ணினார். 1979இல் வந்த அவருடைய கட்டுரை பலரை வியக்க வைத்தது. மூளையின் முன்மடலில் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு இருக்கும் இணைப்புகளின் அடர்த்தி, பெரியவருக்கு இருப்பதைவிட ஏறக்குறைய பாதி மடங்கு அதிகம். பயன்படும் இணைப்புகள் உறுதிப்பட, மற்றவை பல ஆண்டுகளில் மெல்லக் கழிந்துபோகின்றன. முதிர்ச்சியில் சேர்வதோடு கழிவதும் உண்டு என்பதை அந்த எண்ணிக்கை காட்டியது.

இதன் விளைவுகளை மருத்துவமனையில் அன்றாடம் காணலாம். பச்சிளம் குழந்தைக்கு வலிப்பு வந்தால் பெரியவர்களைப் போலக் கைகால் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை. கண் ஒரு பக்கமாக நிலைகுத்தலாம், வாய் சப்புக்கொட்டலாம், கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் அசையலாம். மூளையின் இரு பாதிகளும் இன்னும் சரியாக இணையாததால் வலிப்பு உடல் முழுதும் ஒழுங்காகப் பரவுவதில்லை. இன்னொன்று, கருவிலேயே மூளையின் ஒரு பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட்ட குழந்தை பிறந்தபோது நலமாகவே தெரியலாம். ஐந்தாம், ஆறாம் மாதத்தில் கிலுகிலுப்பையை நீட்டும்போது எப்போதும் ஒரு கையையே நீட்டுகிறது என்று தாய் கவனிப்பாள். ஒரு வயதுக்கு முன்பே ‘இடக்கைப் பழக்கம்’ தெரிந்தால், மறுகையில் பலக்குறைவு இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது இதனால்தான். பாதிப்பு பழையது, அந்தக் கைக்கு வேலை வரும் வயதில்தான் அது வெளியே தெரிகிறது.

ஒரு தந்தையின் கடிதம்

இந்தத் துறையின் பழைய ஆவணங்களில் மனத்தை உலுக்கும் ஒன்று 1841 பிப்ரவரியில் லண்டன் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான கடிதம். எழுதியவர் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரில் மருத்துவம் பார்த்துவந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட். நோயாளி அவருடைய சொந்த மகன், அப்போது ஒரு வயதுக் குழந்தை.

நான்கு மாதம் வரை நன்றாக இருந்த குழந்தை, பிறகு தலையை முன்பக்கமாக லேசாகச் சாய்க்கத் தொடங்கியது. முதலில் அதை விளையாட்டு என்றே வெஸ்ட் நினைத்தார். நாளாக நாளாகத் தலை முழங்காலைத் தொடும் அளவுக்கு உடல் மடங்கியது, உடனே நிமிர்ந்தது, சில நொடிகளில் மறுபடியும் மடங்கியது. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பத்து, இருபது முறை இப்படி நேர்ந்தது. ஒரு நாளில் இரண்டு, மூன்று தடவை இந்தத் தொடர் வந்தது. முடிந்ததும் குழந்தை பயந்து அலறியது. இவற்றையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் குறித்துவைத்தார். குழந்தை சிரிப்பதை நிறுத்திவிட்டது, எதையும் கவனிப்பதில்லை, நிமிர்ந்து உட்கார முடியவில்லை என்பதையும் எழுதினார். அட்டை வைத்துப் பார்த்தார், தலைக்குக் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தார், ஈறுகளைக் கீறினார், பேதி மருந்தும் அபினும் கொடுத்தார். எதுவும் பலிக்கவில்லை. இதே போன்ற குழந்தையை வேறு எவராவது பார்த்திருக்கிறீர்களா என்று சக மருத்துவர்களைக் கேட்பதற்காகவே அந்தக் கடிதத்தை எழுதினார்.

அவர் விவரித்த நோய்க்கு இன்று வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பெயர். அவர் கவனித்த எதுவும் இன்றைய பாடநூலில் பொய்யாகவில்லை. ஆனால் விடை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் மனித மூளையின் மின்னலைப் பதிவை வெளியிட்டார். நாம் இன்று இ.இ.ஜி. என்று சொல்லும் அந்தச் சோதனையில் இத்தகைய குழந்தைகளுக்கு அலைகள் தாறுமாறாக, உயர உயரமாக எழுவதை 1952இல் அமெரிக்காவின் கிப்ஸ் தம்பதியர் விளக்கினார்கள். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி இந்த வலிப்பை நிறுத்தக்கூடும் என்று 1958இல் பெல்ஜிய மருத்துவர்கள் அறிவித்தார்கள். பெரியவர்களின் வலிப்புக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. முதல் ஆண்டுக்கு உரிய இந்த வலிப்புக்கு மருந்தும் வேறு. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு நல்லது என்பதும் பிறகு தெளிவாயிற்று.

லிட்டிலும் ஃபிராய்டும்

வெஸ்டின் காலத்திலேயே லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற எலும்பு மருத்துவர் இருந்தார். சிறுவயதிலேயே கால் வளைந்துபோய், ஜெர்மனியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நடந்தவர். கைகால் விறைத்து, கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் குழந்தைகளை அவர் நிறையப் பார்த்தார். அவர்களுடைய பிறப்பு விவரங்களைக் கேட்டறிந்தபோது குறைமாதப் பிறப்பு, நீண்டு இழுத்த பிரசவம், பிறந்தவுடன் அழாமை ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. 1861இல் லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் இதை உரையாக நிகழ்த்தினார். மூளை முடக்குவாதம் என்று இன்று நாம் அழைக்கும் நிலை நெடுங்காலம் ‘லிட்டில் நோய்’ என்றே அறியப்பட்டது.

அடுத்து வந்தவரின் பெயர் பலருக்கும் வேறு காரணத்தால் தெரியும். சிக்மண்ட் ஃபிராய்ட், மனப்பகுப்பாய்வுக்கு வருவதற்கு முன் நரம்பு மருத்துவர். வியன்னாவில் மாக்ஸ் காசோவிட்ஸ் நடத்திய குழந்தைகள் மருத்துவ நிலையத்தில் நரம்பு நோய்ப் பிரிவை ஏறத்தாழப் பத்தாண்டுகள் கவனித்துக்கொண்டார். குழந்தைகளின் மூளை முடக்குவாதம் பற்றி அவர் 1897இல் வெளியிட்ட பெரிய நூல் அன்றைய அறிவை எல்லாம் திரட்டி வைத்தது. அதில் லிட்டிலோடு ஒரு முக்கியமான இடத்தில் மாறுபட்டார். சிரமமான பிரசவம் எல்லாக் குழந்தைகளுக்கும் பாதிப்பை உண்டாக்குவதில்லையே. அப்படியானால் கருவிலேயே நேர்ந்துவிட்ட ஏதோ ஒரு கோளாறுதான் பிரசவத்தையும் சிரமமாக்கியிருக்குமோ என்று கேட்டார்.

காரணம் பிரசவ அறையிலா, அதற்கு முன்பா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பெரும் எண்ணிக்கையில் கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை 50,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவுசெய்து, பிறந்த குழந்தைகளை ஏழு வயது வரை கவனித்தார்கள். அந்தத் தரவுகளை ஆராய்ந்த குழந்தை நரம்பியல் மருத்துவர் கேரின் நெல்சனும் புள்ளியியலாளர் ஜோனஸ் எல்லன்பெர்கும் 1986இல் முடிவை வெளியிட்டார்கள். மூளை முடக்குவாதத்தில் பிரசவ நேர மூச்சுத்திணறலால் விளக்கக்கூடியவை ஒரு சிறு பங்கே. பெரும்பாலான குழந்தைகளுக்கு வேர் கர்ப்ப காலத்தில் இருந்தது. பிரசவக் கவனிப்பு குறைந்த இடங்களில் மூச்சுத்திணறலின் பங்கு கூடும் என்பதும் உண்மை. ஆனாலும் ‘அன்றைக்கு நான் சரியாக முக்கியிருந்தால்’ என்று ஆயுள் முழுக்கத் தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்களுக்கு இந்த முடிவு பெரிய ஆறுதல். அதை ஒவ்வொரு தாய்க்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு துறைகளுக்கு நடுவே

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனை 1852இல் திறந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் குவீன் சதுக்கத்தில் நரம்பு நோய்களுக்கான தேசிய மருத்துவமனை 1860இல் வந்தது. ஒன்றில் குழந்தைகளை அறிந்தவர்கள், மற்றொன்றில் நரம்புகளை அறிந்தவர்கள். இரண்டையும் சேர்த்து அறிந்தவர்கள் நீண்ட காலம் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே நிலைதான். வலிப்பு வந்த குழந்தை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அனுப்பப்பட்டது.

பாலம் கட்டியவர்கள் தனி மனிதர்கள். அமெரிக்காவில் வில்லியம் ஆஸ்லர் பிலடெல்பியா நரம்பு நோய் மருத்துவமனையின் 151 குழந்தைகளை ஆராய்ந்து 1889இல் மூளை முடக்குவாதம் பற்றி நூல் எழுதினார். நியூயார்க்கின் பெர்னார்ட் சாக்ஸ், டே–சாக்ஸ் நோயின் பெயரில் இருக்கும் அதே சாக்ஸ், 1895இல் குழந்தைகளின் நரம்பு நோய்களுக்கென்றே ஒரு பாடநூல் கொண்டுவந்தார். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பிரான்சன் கிரதர்ஸ் 1926இல் தம் நூலை வெளியிட்டார். பால்டிமோரின் ஃபிராங்க் ஃபோர்ட் 1937இல் எழுதிய பெரிய நூல் பல பதிப்புகள் கண்டு ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியாக இருந்தது. கிரதர்ஸின் பங்கை நான் குறிப்பாக மதிக்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பல்லாண்டுகள் பின்தொடர்ந்து, 1959இல் ரிச்மண்ட் பெய்னுடன் சேர்ந்து அந்த அனுபவத்தை நூலாக்கினார். நோயைக் கண்டதும் பெயர் சூட்டி அனுப்பிவிடும் வழக்கத்துக்கு மாறாக, அந்தப் பிள்ளை எப்படி வளர்ந்தது, படித்ததா, வேலைக்குப் போனதா என்று கேட்ட மருத்துவர் அவர்.

தனி மனிதர்களின் ஆர்வம் ஒரு துறையாக மாறுவதற்குப் பணமும் பயிற்சியும் தேர்வும் வேண்டும். அதற்குக் காலமும் கனிந்தது. ஆன்டிபயாடிக் மருந்துகளும் தடுப்பூசிகளும் வந்த பிறகு, முன்பு குழந்தைகள் வார்டுகளை நிறைத்த தொற்றுநோய்கள் குறையத் தொடங்கின. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு முன் காசநோய் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை பிழைப்பது அரிது. 1955இல் போலியோ தடுப்பூசி வந்தது. உயிர் பிழைத்த குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளையும், தீராத வலிப்பையும், பரம்பரை நோய்களையும் கவனிக்க இப்போது ஆள் தேவைப்பட்டது.

அமெரிக்க அரசு 1950இல் நரம்பு நோய்களுக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது. அது தந்த பயிற்சி உதவித்தொகையால்தான் இளம் மருத்துவர்கள் குழந்தை மருத்துவம், நரம்பியல் இரண்டையும் முறையாகக் கற்க முடிந்தது. நியூயார்க்கில் சிட்னி கார்ட்டர் போன்றவர்கள் பயிற்சித் திட்டங்களை நடத்தினார்கள். 1960களின் இறுதியில் குழந்தை நரம்பியலுக்குத் தனிச் சான்றிதழ்த் தேர்வு அமெரிக்காவில் வந்தது. இன்றும் அங்கே இந்தத் துறைக்கு வருபவர் குழந்தை மருத்துவத்தில் இரண்டு ஆண்டுகளும் நரம்பியலில் மூன்று ஆண்டுகளும் பயில்வதே பொதுவான வழி. அந்த மூன்றில் ஓராண்டு பெரியவர்களின் நரம்பியல். ஜப்பானில் 1961இலேயே குழந்தை நரம்பியல் சங்கம் உருவாகிவிட்டது. அமெரிக்கச் சங்கம் 1972இலும், சர்வதேசச் சங்கம் 1973இலும், பிரிட்டிஷ் சங்கம் 1975இலும் அமைந்தன. இந்தியாவில் குழந்தை நரம்பியலுக்கென்று டி.எம். மேற்படிப்பு இந்த நூற்றாண்டில்தான் தொடங்கியது.

பச்சை நிறம் காட்டிய வழி

சிகிச்சைக்கு ஒரு காலக்கெடு உண்டு என்பதை உலகுக்கு முதலில் உணர்த்திய நோய் பினைல்கீட்டோனூரியா. கதை நார்வேயில் 1934இல் நடக்கிறது. ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். இருவருக்கும் அறிவு வளர்ச்சி இல்லை. குழந்தைகளின் உடலிலும் சிறுநீரிலும் ஒரு விநோதமான வாடை வருகிறது என்று அவர் மருத்துவர் மருத்துவராகச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் ஆஸ்லோவில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் விஷயம் போனது. வேதியியலும் படித்தவர் அவர். வழக்கமான சோதனையாகச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சொட்டுவிட்டார். நீரிழிவில் சிலருக்கு வருவதுபோல் சிவப்போ பழுப்போ வந்திருந்தால் அவருக்கு வியப்பிருந்திருக்காது. அடர்ந்த பச்சை வந்தது.

ஃபோலிங் விடவில்லை. அந்தத் தாய் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த சிறுநீரிலிருந்து பினைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் இருந்த 430 பேரைச் சோதித்தபோது மேலும் 8 பேரிடம் அதே பச்சை நிறம் கிடைத்தது. உணவுப் புரதத்தில் உள்ள பினைல்அலனைனைச் சிதைக்கும் நொதி இவர்களிடம் வேலை செய்வதில்லை. அது ரத்தத்தில் தேங்கி, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையைக் கெடுக்கிறது.

காரணம் தெரிந்தும் சிகிச்சை வர இருபது ஆண்டுகள் பிடித்தன. பர்மிங்காம் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கல், ஒரு சிறுமியின் தாய் விடாமல் வற்புறுத்தியதால், பினைல்அலனைன் குறைந்த உணவைத் தயாரித்துக் கொடுத்து 1953இல் பலனை வெளியிட்டார். இரண்டு வயதான அந்தச் சிறுமியிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இழந்தது முழுவதும் திரும்பவில்லை. அறிகுறி வெளியே தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பது புரிந்தது. அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்துச் செய்யும் சோதனையை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். முதல் வாரங்களிலேயே உணவை மாற்றிய குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போல் வளர்ந்தார்கள். நம் ஊர்ப் பிரசவ மருத்துவமனைகளில் தைராய்டு குறைபாட்டுக்கும் வேறு சில நோய்களுக்கும் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள்

கருவிகள் பெருகிய காலத்திலும் இந்தத் துறை உற்றுப் பார்ப்பதைக் கைவிடவில்லை. பாரிஸில் ஆந்திரே-தோமாவும் சுசான் செயின்ட்-ஆன் தார்காசியும் பச்சிளம் குழந்தையின் தசை இறுக்கத்தையும் அனிச்சை அசைவுகளையும் சோதிக்கும் முறைகளை வகுத்து 1952இல் நூலாக்கினார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஹைன்ஸ் பிரெக்டல் அதையும் விட எளிய வழிக்கு வந்தார். குழந்தையைத் தொடுவதில்லை, விழித்திருக்கும்போது மல்லாக்கப் படுக்கவைத்து வீடியோ எடுத்தார். பிறந்து மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தை சும்மா கிடக்கும்போதும் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எங்கும் சிறுசிறு வட்ட அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். 130 குழந்தைகளை ஆராய்ந்து அவர் 1997இல் எழுதினார். அந்த அசைவு இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேர் இரண்டு வயதில் நலமாக இருந்தார்கள். அசைவே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நரம்புக் குறைபாடு தெரிந்தது. ஸ்கேன் எடுக்க வசதியில்லாத ஊரிலும் பயிற்சி பெற்ற கண் இதைச் செய்துவிடும்.

வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் 1954இல் தம் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி கைகளைப் பிசைந்துகொண்டிருப்பதைக் கவனித்தார். இரண்டு குடும்பங்களுக்கும் உறவில்லை. ஓராண்டு வரை நன்றாக வளர்ந்து, பிறகு பேச்சும் கைத்திறனும் போய்விட்ட சிறுமிகளைத் தேடத் தொடங்கி 1966இல் எழுதினார். பெங்க்ட் ஹாக்பெரி என்ற ஸ்வீடன் மருத்துவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1983இல் ஆங்கிலத்தில் எழுதிய பிறகே இந்த நோயை உலகம் அறிந்தது. லெபனானில் பிறந்து அமெரிக்காவில் குழந்தை நரம்பியல் பயின்ற ஹூடா சோக்பியின் ஆய்வுக்குழு 1999இல் அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கண்ணால் கண்டதிலிருந்து காரணம் வரை 45 ஆண்டுகள்.

மரபணு தந்த விடைகள்

பிரான்ஸின் சார்லட் டிராவே 1978இல் விவரித்த கடுமையான வலிப்பு நோய் முதல் வயதில் காய்ச்சலோடு தொடங்கும். தடுப்பூசி போட்ட பின் வரும் காய்ச்சலில் முதல் வலிப்பு வந்தால் பெற்றோர் ஊசியைத்தான் குற்றம் சொல்வார்கள். பல நாடுகளில் அப்படித்தான் நடந்தது. 2001இல் இந்த நோய்க்குக் காரணமான சோடியம் வாயில் மரபணு தெரிந்தது. கக்குவான் தடுப்பூசியால் மூளை கெட்டது என்று கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலியக் குழுவினர் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டபோது, 11 பேரிடம் அதே மரபணுவில் மாற்றம் இருந்தது. நோய் பிறவியிலேயே இருந்தது. காய்ச்சல் அதை வெளிப்படுத்தியது. இந்தக் குழந்தைகளுக்குக் கார்பமாசெபைன் போன்ற சில மருந்துகள் வலிப்பைக் கூட்டிவிடும் என்பதால், மரபணுச் சோதனை மருந்துச் சீட்டையே மாற்றுகிறது.

முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோயைத் தமிழ்நாட்டில் ‘16 கோடி ரூபாய் ஊசி’ என்ற செய்திகள் வழியாகப் பலரும் அறிவார்கள். வெர்ட்னிக் 1891இலும் ஹாஃப்மன் 1893இலும் விவரித்த நோய் இது. மரபணு 1995இல் கிடைத்தது. முதல் மருந்து 2016 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணு சிகிச்சை 2019இல் வந்தது. கடுமையான வகையில், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. இங்கேயும் காலமே முக்கியம். இறந்த நரம்பணுவை மருந்து மீட்காது. அறிகுறி வருவதற்கு முன்பே சிகிச்சை பெற்றவர்கள்தான் அதிகம் தேறுகிறார்கள். விலை இப்படியே இருக்கும்வரை அந்தப் பயன் பெரும்பாலான குழந்தைகளுக்கு எட்டாது. இதை மாற்றுவது அரசுகளின் பொறுப்பு.

இங்கே செய்து பார்க்க வேண்டியவை

வெளிநாட்டில் பலித்தது இங்கே அப்படியே பலிக்கும் என்று நம்பிவிட முடியாது. பிரசவத்தில் மூச்சுத்திணறிய குழந்தையின் உடல் வெப்பத்தை ஆறு மணி நேரத்துக்குள் 33.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைத்து 72 மணி நேரம் வைத்திருந்தால் மூளைப் பாதிப்பு குறையும் என்று 2005இல் பணக்கார நாடுகளின் ஆய்வுகள் காட்டின. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் இதையே சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளியானது. இங்கே பலன் கிடைக்கவில்லை; குளிர்வித்த குழந்தைகளிடம் இறப்பு கூடியிருந்தது. இங்குள்ள குழந்தைகளின் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. ‘எப்போது நேர்ந்தது?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் தன் குழந்தைகளிடமே பதில் தேட வேண்டும். அதற்குச் சென்னை, கொழும்பு போன்ற நகரங்களின் ஆய்வுகளும் நிபுணர்களும் பெருக வேண்டும்.

பெற்றோருக்கு

காய்ச்சலில் வரும் வலிப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அது பரவலாக வருவது. நெல்சனும் எல்லன்பெர்கும் மேலே சொன்ன தரவுகளிலிருந்து இத்தகைய 1,706 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1976இல் எழுதினார்கள். ஏழு வயதுக்குள் காய்ச்சல் இல்லாமலும் வலிப்பு தொடர்ந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. அது வரும்போது குழந்தையை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள். முதல் முறை என்றால், சீக்கிரம் நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, பத்து மாதமாகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை அல்லது ஒரு சொல்லும் பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தைக் கணக்கிடுங்கள். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலும் காட்டுங்கள். தூங்கி எழும் நேரத்தில் கும்பிடுவதுபோல் உடல் திரும்பத் திரும்ப மடங்கினால் தள்ளிப்போட வேண்டாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே போங்கள். வந்த பேச்சோ நடையோ எந்த வயதில் குறைந்தாலும் அதுவும் அவசரம்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்தில் இத்தகைய குழந்தைகளைக் கட்டணமின்றிப் பரிசோதித்து இயன்முறை, பேச்சுப் பயிற்சிகள் தருகிறார்கள்.

வீட்டுப் பெரியவர்கள் ‘சில பிள்ளைகள் லேட்டாத்தான் பேசும், போகப் போகச் சரியாயிடும்’ என்பார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லை, குழந்தையைச் சோதித்துப் பார்த்த ஒரு மருத்துவர் சொல்லட்டும்.